போர்க்கால வானொலியின் ஒலிபெருக்கியும் இணைப்பியும்: ஒலுவிற் கரை நோக்கிய ஒரு விளக்கம்

வானொலியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நிலையத்தையும் கோபுரத்தையும் அலையையுமே கருத்திற் கொள்கின்றோம். செய்தி பல நூறு மைல் கடந்து கருவியை வந்தடைந்த பின்னர், அது மனிதச் செவியை எட்டுவதற்கு இன்னுஞ் சில அடி தூரம் எஞ்சியுள்ளது. அத்தூரத்தைக் கடக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, மின்னோட்டத்தை ஒலியாக மாற்றும் ஒலிபெருக்கி. மற்றையது, அதனைக் கருவியோடு தொடுக்கும் இணைப்பி. இவ்விரண்டில் ஒன்று பழுதுபடின், அலை எவ்வளவு வலிமையோடு வந்தாலும் செய்தி வந்ததாகக் கொள்ள முடியாது.

இவ்வுண்மையைப் பெருவிலை கொடுத்துக் கற்றவர்கள் படையினர் ஆவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதனையடுத்தும் அவர்களுக்கென ஆக்கப்பட்ட ஒலிபெருக்கிகளும் இணைப்பிகளும் எங்ஙனம் அமைந்தன, ஏன் அங்ஙனம் அமைந்தன என்பதை விளக்குவதும், அவ்வறிவு ஒலுவில் துறைமுகத்தைச் சார்ந்த கடற்றொழிலாளர்க்கு எவ்வாறு பயன்படும் எனச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இணைப்பியின் இரு பகுதிகளுள் வடத்தின் முனையில் உள்ளதைச் செருகி எனவும், அதனை ஏற்கும் பகுதியைக் குதை எனவும், இரண்டும் உள்ளே ஒன்றையொன்று தொடும் உலோகப் பரப்புகளைத் தொடுகைகள் எனவும் இங்கு வழங்குகின்றோம்.

1. இலங்கையும் போர்க்கால வானொலியும்

இலங்கையில் வானொலி தோன்றியதே போர்க்கருவியொன்றின் எச்சத்திலிருந்துதான் எனலாம். தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக விளங்கிய எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பில் முதற் சோதனை ஒலிபரப்புகளை நிகழ்த்தியபோது, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைப் பயன்படுத்தினார் என்பர். முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கிற்று.

அடுத்த போரில் இத்தீவின் பாதுகாப்பே வானொலிச் செய்தியில் தங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 4 இல், கனடிய விமானப் படையின் 413 ஆம் அணியைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சோல் என்பாரின் தலைமையிற் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கற்றலினாக் கடல்விமானம், இலங்கைக்குத் தெற்கே யப்பானியக் கடற்படைத் தொகுதியைக் கண்டது. விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் அதன் வினைஞர் விடுத்த செய்தி இலங்கையை எட்டியது. மறுநாட் கொழும்பும், 9 ஆம் நாள் திருக்கோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அதே 9 ஆம் நாளில் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், ஒலுவிலுக்கு வடக்கே, மட்டக்களப்பை அண்டிய கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கிழக்குக் கரையின் மக்கள் அறிந்த கடலிலேயே இது நிகழ்ந்தது.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளையகம் புதுதில்லியிலிருந்து பேராதனைப் பூந்தோட்டத்துக்கு இடம்பெயர்ந்தது. அக்கட்டளையகத்தின் படையினருக்கென ‘சியாக் வானொலி’ கொழும்பிலிருந்து இயங்கிற்று. போரின் பின் அதன் வலுமிக்க சிற்றலைச் சாதனங்கள் இலங்கை வானொலியிடம் ஒப்படைக்கப்பட்டன. தமிழகம் வரை கேட்டு மகிழ்ந்த இலங்கை வானொலியின் வலு, போர் விட்டுச்சென்ற சொத்தேயாகும்.

2. ஒலிபெருக்கி தனிப்பெட்டி ஆனது ஏன்?

வீட்டு வானொலியில் ஒலிபெருக்கி பெட்டியின் உள்ளேயே இருக்கும். படைக்கருவிகளிலோ அது பெரும்பாலும் தனியாக அமைந்தது. பிரித்தானிய விமானப் படையின் ஆர். 1155, கண்காணிப்பு நிலையங்களிற் பெயர்பெற்ற எச்.ஆர்.ஓ. ஆகிய அலைவாங்கிகளினுள் ஒலிபெருக்கி இல்லை. ஐக்கிய அமெரிக்கப் படையின் பி.சி. 312 அலைவாங்கியுடன் எல்.எஸ். 3 என்னும் இரும்புப் பெட்டி ஒலிபெருக்கி வடமொன்றினால் இணைக்கப்பட்டு வழங்கியது.

இப்பிரிவுக்குக் காரணங்கள் பல. முதலாவது, அக்காலக் கருவிகள் வால்வுகளால் இயங்கின. வால்வின் உள்ளுறுப்புகள் ஒலியதிர்வால் நடுங்கினால் அந்நடுக்கமே மீண்டும் ஒலியாகப் பெருகி ஊளையிடும். ஒலிபெருக்கியை விலக்கி வைப்பதே இதற்கு எளிய பரிகாரம். இரண்டாவது, கருவி இடமுள்ள மூலையில் இருக்க, ஒலி கேட்பவனின் தலைமாட்டில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, பகைவர் அண்மையில் உள்ளபோது ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டுக் காதுக்கருவியை மாட்டும் வசதி தேவைப்பட்டது. நான்காவது, ஒலிபெருக்கியின் காந்தம் திசைகாட்டியின் ஊசியை இழுத்துப் பிழையான திசையைக் காட்டச் செய்யும். விமானத்திலும் கப்பலிலும் இது உயிர்ச்சேதத்தில் முடியக்கூடியது.

ஒலிபெருக்கியின் இயக்கம் எளிமையானது. இன்றும் வழங்கும் அசையுஞ்சுருள் வகையின் அடிப்படை வடிவத்தை ரைஸ், கெலொக் ஆகிய இரு அமெரிக்கர் 1925 இல் வெளியிட்டனர். காந்தப் புலத்தின் நடுவே மெல்லிய கம்பிச் சுருளொன்று தொங்கும்; அதனோடு கடதாசிக் கூம்பு ஒட்டப்பட்டிருக்கும். சுருளில் மின்னோட்டம் மாறும்போது அது முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை எழுப்பும். தொடக்க காலத்திற் போதிய வலுவுள்ள நிலையான காந்தங்கள் இல்லாமையால் மின்காந்தமே பயன்பட்டது. அதனை ஊட்டுவதற்கு இன்னும் இரு கம்பிகளும் இடையறாத மின்னோட்டமும் வேண்டியிருந்தன. 1931 இல் யப்பானிய அறிஞர் மிஷிமா வலிமிக்க புதிய காந்த உருக்கினைக் கண்டுபிடித்தார். அவ்வழியில் வந்த அல்னிக்கோக் காந்தங்கள் பரவவே, ஒலிபெருக்கிக்கு இரு கம்பிகள் போதுமாயின. பற்றரியில் இயங்கும் படைக்கருவிக்கு இது பெரும் விடுதலை ஆயிற்று.

படையின் ஒலிபெருக்கி இனிமையை நாடவில்லை, தெளிவையே நாடிற்று. பேச்சை விளங்கிக்கொள்வதற்குச் செக்கனுக்கு 300 முதல் 3000 வரையான அதிர்வுகள் ஏறக்குறையப் போதுமானவை. எஞ்சினின் இரைச்சலோ இதற்குக் கீழ்ப்பட்ட அதிர்வுகளிலேயே மிகுதி. ஆகவே சிறிய, விறைப்பான கூம்பை அமைத்துத் தாழ்ந்த ஒலிகளைக் கைவிட்டனர். வானொலிப் பாடலுக்கு அது தகரத்தில் தட்டுவது போல ஒலிக்கும். இரைச்சலின் நடுவே ஓர் ஊர்ப்பெயரையோ ஓர் எண்ணையோ பிரித்தறிய அதுவே உதவும்.

3. தடங்கற் பொருத்தம்

பழைய படை ஒலிபெருக்கியொன்றைக் கையிற் பெறுவோர் முதலில் எதிர்ப்படுவது தடங்கல் என்னும் சிக்கலாகும். மாறும் மின்னோட்டத்துக்கு ஒரு சாதனம் காட்டும் மொத்த எதிர்ப்பே தடங்கல். அது ஓம் என்னும் அலகால் அளக்கப்படும். ஒலிபெருக்கிச் சுருளின் தடங்கல் பொதுவாக 3 முதல் 16 ஓம் வரை. வால்வின் வெளியீடோ சில ஆயிரம் ஓம். துவிச்சக்கரவண்டியில் ஏற்றத்துக்கும் சமதரைக்கும் வெவ்வேறு பற்சில்லு வேண்டியிருப்பது போல, இவ்விரண்டுக்குமிடையே ஒரு நிலைமாற்றி வேண்டும். 5000 ஓம் வெளியீட்டை 3 ஓம் சுருளோடு பொருத்துவதற்கு நிலைமாற்றியின் சுற்றுகள் ஏறக்குறைய 41 இற்கு 1 என அமைதல் வேண்டும்.

வீட்டு வானொலியில் இந்நிலைமாற்றி கருவியினுள் இருக்கும். எல்.எஸ். 3 போன்ற படை ஒலிபெருக்கிகளில் அது ஒலிபெருக்கிப் பெட்டியினுள்ளேயே வைக்கப்பட்டது. இதன் பயன் வடத்தில் விளங்கும். உயர்ந்த தடங்கலில் ஒரே வலுவைக் கடத்தக் குறைந்த மின்னோட்டமே போதும். வடம் நீண்டிருந்தாலும், தொடுகையிற் சிறிது களிம்பு ஏறித் தடை 1 அல்லது 2 ஓம் கூடினாலும் இழப்பு பெரிதாகாது. அதே 2 ஓம், 3 ஓம் சுருளின் வழியிற் குறுக்கிடுமாயின் ஒலியின் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

போருக்குப் பிற்பட்ட அமெரிக்க வாகனக் கருவிகள் பலவற்றில் 600 ஓம் என்னும் அளவு வழங்கியது. அத்தகைய வெளியீட்டில் இக்காலத்து 8 ஓம் ஒலிபெருக்கியை நேரே மாட்டினால், கிடைக்கக்கூடிய வலுவில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கே ஒலியாகும். கருவி பழுதென்று பலர் கருதுவது இதனாலேயே. 600 இற்கு 8 என்னும் நிலைமாற்றியொன்று இடையிலே இருந்தால் அக்குறை நீங்கும்.

4. செருகியும் குதையும்

போர்க்காலத்து அமெரிக்கக் கருவிகளில் மிகுதியும் காணப்பட்ட செருகி பி.எல். 55 எனப்பட்டது. கால் அங்குல விட்டமுள்ள உலோகத் தண்டான இது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைபேசி மாற்றகங்களிற் பெண்கள் வரிசையாக அமர்ந்து செருகிய அதே செருகியின் வழிவந்தது. காதுக்கருவியும் ஒலிபெருக்கியும் இதனால் இணைக்கப்பட்டன. ஒலிவாங்கிக்குரிய பி.எல். 68 சற்று மெலிந்தது. மூன்று கடத்திகள் உடையது. தடித்த செருகி சிறிய துளையுட் புகாதாகையால், இருளில் தடவிச் செருகுபவனும் ஓரளவு பிழையினின்று காக்கப்பட்டான்.

தொலைபேசிச் செருகிக்கு இரு குறைகள் உண்டு. அது பூட்டப்படுவதில்லை, நீரைத் தடுப்பதுமில்லை. ஆனாற் பூட்டப்படாமை சிலவிடத்துக் குணமுமாகும். 1941 முதல் பிரித்தானியக் கவச வாகனங்களில் வழங்கிய 19 ஆம் இலக்க வானொலித் தொகுதியின் தலையணிக் கருவி, இழுத்தவுடன் பிரியும் செருகியொன்றினால் இணைக்கப்பட்டது. தீப்பற்றிய வாகனத்திலிருந்து குதிக்கும் வீரனை வடம் பிடித்து வைத்தல் ஆகாது அன்றோ? நல்ல இணைப்பி கழலாதது என்று மட்டும் கூறுதல் போதாது. எப்போது கழல வேண்டும், எப்போது கழலக் கூடாது என்பதை அறிந்து ஆக்கப்பட்டதே நல்ல இணைப்பியாகும்.

போருக்குப் பிந்திய தலைமுறையில் யூ. 229 என்னும் ஐந்து தொடுகை இணைப்பி அமெரிக்கப் படைகளிற் பரவிற்று. ஏ பொதுக்கம்பிக்கும், பி கேட்கும் ஒலிக்கும், சி பேசுவதற்கு அழுத்தும் ஆளிக்கும், டி ஒலிவாங்கிக்கும், ஈ பிற தேவைகளுக்கும் உரியன. கைக்கருவி, தலையணிக் கருவி, ஒலிபெருக்கி மூன்றுக்கும் ஒரே வடிவச் செருகியே அமைந்தது. ஒலிபெருக்கி ஏ, பி ஆகிய இரண்டை மட்டும் பயன்படுத்தும். ஏனையவை வெறுமனே இருக்கும். எதனை எங்கே மாட்டினும் தீங்கு நேராது; ஒன்று பழுதுபடின் மற்றொன்றை எடுத்து மாட்டலாம்.

இதன் உள்ளமைப்பு நுட்பமானது. தொடுகைகள் துளையுட் புகுவதில்லை. வில்லின் அழுத்தத்தால் முகத்தோடு முகம் பொருந்துகின்றன. செருகியை அழுத்தித் திருகிப் பூட்டும்போது அவை ஒன்றன்மேலொன்று உராய்ந்து, மேற்படிந்த அழுக்கைத் தாமே துடைத்துக்கொள்கின்றன. இறப்பர் வளையமொன்று நீரைத் தடுக்கின்றது. பிரித்தானியப் படை எழுபதுகளின் பிற்பகுதியிற் கொணர்ந்த ‘கிளான்ஸ்மன்’ தொகுதியிலும், ஏழு தொடுகைகளோடு, திருகிப் பூட்டும் இணைப்பியே இடம்பெற்றது.

5. ஈரமும் உப்பும்

இவ்வமைப்புகள் ஏன் இவ்வளவு கவனத்தை வேண்டின? விடை பர்மாக் காடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் உள்ளது. குளிர்நாடுகளில் ஆக்கப்பட்ட கருவிகள் அயனமண்டலத்து ஈரத்தில் விரைந்து கெட்டன. காப்புறைகளிற் பூஞ்சணம் பிடித்தது. கடதாசிக் கூம்புகள் ஈரத்தை உறிஞ்சி நெகிழ்ந்தன. பித்தளையிற் களிம்பு ஏறிற்று. இதற்கு மாற்றாக, ஈரத்தையும் பூஞ்சணத்தையும் தடுக்கும் வார்னிசைக் கருவியின் உட்புறமெங்கும் தெளித்துக் காயவைக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது.

ஆனால் அவ்வார்னிசைத் தெளிக்கும்போது சில உறுப்புகளை மூடிவைக்க வேண்டியிருந்தது. தொடுகையின்மேல் வார்னிசு படிந்தால் மின்னோட்டம் செல்லாது; கூம்பும் சுருளும் ஒட்டிக்கொண்டால் அசையா. கருவியின் ஏனைய உறுப்புகளை முற்றாக மூடிக் காக்கலாம். தொடுகை தொட்டே ஆகவேண்டும். கூம்பு காற்றில் அசைந்தே ஆகவேண்டும். காப்பை ஏற்க இயலாத இவ்விரண்டுமே வானொலியின் நிலையான பலவீனங்களாகும். பூட்டு, வளையம், மூடி, தொடுகைகளின்மேல் வெள்ளி அல்லது பொன் முலாம் ஆகிய ஏற்பாடுகளெல்லாம் இப்பலவீனத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட அரண்களே.

கடலில் ஈரத்தோடு உப்பும் சேர்கின்றது. உப்புநீர் மின்னைக் கடத்துமாகையால், இருவேறு உலோகங்கள் தொடுமிடத்தில் அது புகுந்தால் சிறியதொரு மின்கலம் உருவாகி, ஓர் உலோகம் அரிக்கப்படும். தொடுகையின்மேற் படியும் களிம்பு முதலில் ஒலியைக் கரகரக்கச் செய்யும், பின் விட்டுவிட்டு ஒலிக்கும், இறுதியில் மௌனமாகும்.

6. ஒலுவிற் கலங்களில்

ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பர் 1 இல் திறந்துவைக்கப்பட்டது. அதனருகே வெளிச்சவீடும், சற்று அப்பால் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் உள்ளன. துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியமையாற் கலங்களின் போக்குவரவு தடைப்பட்டதும், அண்டைக் கரை அரிக்கப்பட்டமையாற் கரைவலைத் தொழிலாளர் இடமிழந்ததும் இப்பகுதி மக்கள் நன்கறிந்தவை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, பாலமுனை ஆகிய ஊர்களின் வாழ்வில் கடல் பெரும்பங்கு கொண்டுள்ளது. பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடற் கலங்களுக்குக் கரையின் குரல் வானொலி வழியாகவே வருகின்றது.

அக்கலங்களின் வானொலியிற் போர்க்காலத்தின் சுவடுகளை இன்றும் காணலாம். 156.8 மெகாஹேட்ஸ் அலையில் அமைந்த 16 ஆம் வழியிற் பேசும் கடற்கருவிகளின் வானலை வாங்கிக் கம்பியை இணைக்கும் செருகி பெரும்பாலும் பி.எல். 259 ஆகும். அமெரிக்கப் படைச் செய்திப்பிரிவு இட்ட அவ்விலக்கத்தாலேயே அது இன்றும் கடைகளிற் கேட்டு வாங்கப்படுகின்றது. அது திருகிப் பூட்டப்படுவதாயினும் நீர்புகாதது அன்று. வெளியிற் பொருத்தும்போது நீர்த்தடுப்புப் பட்டியினாற் சுற்றப்படல் வேண்டும்.

வெளி ஒலிபெருக்கிக்குப் பொதுவாக உள்ளது 3.5 மில்லிமீற்றர்க் குதை. இது பி.எல். 55 இன் சிறிய தம்பி எனலாம். அதன் இரு குறைகளும் இதற்கும் உண்டு. இன்னொரு மறைவான அபாயமும் இதில் உண்டு. இத்தகைய குதைகளிற் செருகியைச் செருகியவுடன் கருவியினுள்ளே இருக்கும் ஒலிபெருக்கி தானாகவே துண்டிக்கப்படும். வெளி ஒலிபெருக்கியின் கம்பி அறுந்திருந்தாலோ தொடுகை களிம்பேறியிருந்தாலோ, கருவி முற்றும் நலமாயிருந்தும் ஊமையாகிவிடும். கலத்தில் உள்ளோர் கரை பேசவில்லை என எண்ணுவர். அந்நிலையில் முதலிற் செய்யத்தக்கது செருகியை வெளியே இழுத்துவிடுவதேயாகும். உள்ளொலிபெருக்கி உடனே உயிர்பெறும்.

படையினரின் பட்டறிவிலிருந்து வேறு சில நடைமுறைகளையும் வகுத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கியைத் திசைகாட்டியினின்று விலக்கி வைத்தல் வேண்டும்; அது கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பின் தெறிக்கும் நீர் கூம்பில் தேங்காது. செருகியின் கழுத்திலேயே கம்பி பெரும்பாலும் அறுமாகையால், வடத்தைச் சற்றுத் தளர்த்தி அருகிற் கட்டிவிடுதல் நன்று. வாரமொரு முறை செருகியைக் கழற்றித் திரும்பப் பொருத்தினால் தொடுகைகள் உராய்ந்து தூய்மையடையும். உப்புநீர் பட்டால் நன்னீரில் நனைத்த துணியாற் செருகியைத் துடைத்து உலர்த்தல் வேண்டும். கடலுக்குப் புறப்படுமுன் இரைச்சலை அடக்கும் குமிழைத் தளர்த்தி ‘உஸ்’ என்னும் ஓசையைக் கேட்டுப் பார்த்தல் எல்லாவற்றினும் எளிய சோதனையாகும். அவ்வோசை தெளிவாகக் கேட்குமாயின், செருகியும் வடமும் ஒலிபெருக்கியும் நலமாயுள்ளன என்பது உறுதி. அதற்குச் செலவு இல்லை. அரை நிமிடமே போதும்.

7. முடிவுரை

1978 நவம்பர் 23 இரவு கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியில் 900 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. தொலைபேசித் தொடர்புகள் அறுந்த அம்பாந்தோட்டையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த தன்னார்வ வினைஞரே சிற்றலைக் கருவிகளாற் கொழும்புடன் தொடர்பை ஏற்படுத்தினர்.

இன்று எச்சரிக்கை நிலையங்களும் கோபுரங்களும் உள்ளன. கடற்றொழிலாளர்க்கென வானிலை அறிவிப்புகளும் வெளியிடப்படுகின்றன. எனினும் அவ்வறிவிப்பு ஒரு கலத்தை அடைந்தது என நாம் கூறத்தக்கது, அதில் உள்ள மனிதன் அதனைக் காதாற் கேட்டபோதே ஆகும். பெருஞ்செலவில் அமைந்த அவ்வொழுங்கு முழுவதும் இறுதியில் ஒரு விரல் நீளச் செருகியின் தூய்மையிலே தங்கியுள்ளது. துறைமுகத்தில் எரிபொருளும் பனிக்கட்டியும் கிடைப்பது போல, செருகியைச் சோதித்துப் பற்றாசு வைத்துக் கொடுக்கும் சிறு தொழிலகமொன்றும் அமைதல் வேண்டும் என்பது எமது கருத்து. கல்முனைப் பகுதியில் வானொலி திருத்துந் தொழிலிற் பழகிய கைகள் உள்ளன. பல்கலைக்கழகமும் கூப்பிடு தொலைவில் உள்ளது. அவ்விரண்டையும் கடற்றொழிலாளரோடு இணைப்பது, மேலே நாம் ஆராய்ந்த எந்த இணைப்பியையும்விடப் பயன்மிக்கதோர் இணைப்பாகும்.